விசாலத்தின் அரக்கு நிறத் தொப்பி

கேட்டதைத் தருபவளும், தந்ததைத் தன் விருப்பம்போல் திரும்ப எடுத்துக்கொள்பவளுமாகிய அம்பிகையின் திருவடிகளை நெஞ்சில் இருத்தி இதைத் தொடங்குகிறேன். இன்று ஆடிப் பூரம். அம்பாளுக்கு வளையல் சாத்தி வணங்கும் நன்னாள். என் மனைவியைப் பற்றி எழுத இதைவிட நல்ல நாள் எனக்கு வாய்க்காது.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். விடியலில் நீராடி, திருநீறு பூசி, ஒரு பதிகமாவது ஓதாமல் நான் காபி குடித்ததில்லை. ஆனால் ஆவி என்றும் பேய் என்றும் எவரேனும் பேச்செடுத்தால் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுவேன். இறைவனை நம்புகிறவனுக்கு நடுவில் இன்னொன்று எதற்கு என்பது என் எண்ணம். போதாக்குறைக்கு, நான் நில அளவைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். சங்கிலி பிடித்து அளக்காத எதையும் ஒப்புக்கொள்ளாமல் பழகியவன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள்.

எங்கள் குடும்பம் பெங்களூரில் வேர்விட்டுத் தலைமுறைகள் ஆகின்றன. ஜீவனஹள்ளியில் சிறிய வீடு. நானும் என் மனைவி விசாலமும், வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே மகள் நிவேதாவும். நிவேதா ஆடை வடிவமைப்புக் கல்லூரியில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தாள். தொப்பி செய்வது அதில் ஒரு பாடம். உடைகளின் வரலாறு மற்றொரு பாடம். ஒக்கலிபுரத்தில் இருக்கும் என் அக்கா, "தொப்பிக்கெல்லாமாடி காலேஜ்?" என்று கேட்டபோது, "ஊர்ல தலை இருக்கிற வரைக்கும் எனக்கு வேலை இருக்கும் அத்தை" என்று பதில் சொன்னவள்.

சென்ற ஆண்டு விசாலத்தின் மார்பில் கட்டி என்றார்கள். மருந்து ஏற்றத் தொடங்கினால் முடி முழுவதும் உதிர்ந்துவிடும் என்று மருத்துவர் சொன்னதும் அவள் கேட்ட ஒரே கேள்வி, "அப்போ பூ?" என்பதுதான். மருத்துவருக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. திருமணமாகி வந்த நாள் முதல் தலையில் பூ இல்லாமல் அவள் அம்பாள் சந்நிதியில் நின்றதில்லை. மல்லிகை, அது கிடைக்காத நாளில் கனகாம்பரம்; காகடாவாவது ஒரு துண்டு.

அன்று மாலையே நிவேதா தாயை நாற்காலியில் உட்காரவைத்து, தலையைச் சுற்றி டேப்பைப் பிடித்தாள்.

"அம்மா, வெளிநாட்ல ஒரு காலத்துல பொம்பளைங்க தொப்பியிலதான் நெஜப் பூ சொருகிக்கினு திரிஞ்சாங்க. ஹிஸ்டரி கிளாஸ்ல படம் காட்னாங்க. உனக்கு ஒரு சின்ன தொப்பி பண்றேன். பின்னாடி சரம் மாட்ட வளையம் வெக்கிறேன். ஆடி வெள்ளிக்கு தலை நெறைய பூவோட நீ கோயிலுக்குப் போற, ஆயித்தா?"

"தொரசானி மாதிரி தொப்பி போட்டுக்கினா? அம்பாள் பயந்துடப் போறாடி."

"அவளே கிரீடம் வெச்சுக்கினுதானே இருக்கா? உன்ன ஒண்ணும் சொல்லமாட்டா."

விசாலம் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு எங்கள் வீட்டில் ஒரு நோக்கம் பிறந்தது: ஆடி வெள்ளிக்கு அவள் பூவோடு சந்நிதியில் நிற்க வேண்டும். மருந்து, பரிசோதனை, வாந்தி எல்லாம் அதற்குக் கீழேதான்.

முடி உதிர்ந்தது. தினமும் காலையில் வாசலுக்கு வரும் பூக்கார ராணியிடம், இனி வரவேண்டாம் என்று விசாலம் சொன்னாள். "ஏம்மா, கோவமா? நேத்திக்கு பூவு வாடலா இருந்துச்சா?" என்று அவள் பதற, விசாலம் தலையிலிருந்த முந்தானையைச் சற்றே விலக்கிக் காட்டினாள். ராணி கையிலிருந்த சரத்தை எங்கள் கேட்டில் சுற்றிவிட்டுப் போனாள். கோயிலுக்குப் போவதையும் விசாலம் அன்றோடு நிறுத்திக்கொண்டாள். நான் வற்புறுத்தியபோது, "மொட்டையா போய் நின்னா அவளுக்கு என்னை அடையாளம் தெரியாதுங்க" என்றாள்.

நிவேதா அரக்கு நிறத்தில் கம்பளித் துணி ஒன்றைக் கல்லூரியிலிருந்து கொண்டுவந்தாள். மணி போலக் குவிந்த கெட்டித் துணி அது. அதை ஆவியில் காட்டி இளக்கி, தலையின் அளவில் செய்த மரக்கட்டையின் மேல் இழுத்துக் கட்டிக் காயவிட்டால், கட்டையின் வடிவம் துணிக்கு வந்துவிடும். எங்கள் இட்லிக் குண்டானில்தான் ஆவி பிடித்தாள். "பசிக்குதுன்னா தொப்பி அவிச்சுத் தராளே இவ" என்று விசாலம் படுக்கையிலிருந்து குரல் கொடுத்தாள். விளிம்பு தொய்யாமலிருக்க உள்ளே மெல்லிய கம்பி, நெற்றி படும் இடத்தில் உட்பக்கமாக ஒரு ரிப்பன் பட்டை, பின்புறம் பூச்சரம் மாட்ட நூல் வளையங்கள். மிக அழகாக வந்திருந்தது.

போட்டுப் பார்த்தபோது மூக்கு வரை இறங்கிவிட்டது.

நிவேதாவின் பிழை இதுதான். வாடிக்கையாளர் எந்தத் தலையலங்காரத்தோடு தொப்பி அணிவாரோ அதன் மேலேயே அளவெடுக்க வேண்டும் என்று வகுப்பில் கற்பித்திருந்தார்கள். கை பழகிய பழக்கத்தில், அன்று அவள் தாயின் அடர்ந்த கூந்தலின் மேலேயே, கொண்டையையும் சேர்த்து அளந்திருக்கிறாள். அந்தக் கூந்தல் போகப்போகிறது என்பதற்காகவே தொப்பி என்பது அந்தக் கணத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. குழந்தை விக்கித்து நின்றாள். தொப்பிக்குள்ளிருந்து விசாலத்தின் குரல் வந்தது: "உள்ள நல்லா குளுகுளுன்னு இருக்குடி. வெளிய வரமாட்டேன் போ."

நிவேதா வேறு துணிக்குச் சொல்லி அனுப்பினாள். அது வந்து சேர்வதற்குள், ஆடி வெள்ளிக்கு முந்தைய நாள் காலையில், நான் வாய்க்கருகே வைத்த கரண்டித் தண்ணீரை விழுங்காமல் விசாலம் போய்விட்டாள்.

இனிதான் நான் சொல்ல வந்தது.

பெண்கள் அவளை நீராட்டி, மஞ்சள் பூசி, கல்யாணப் புடவையை உடுத்தி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்தார்கள். சுமங்கலியைப் பூவோடு அனுப்ப வேண்டும். செய்தி கேட்டு ராணி மடி நிறைய மல்லிகையோடு வந்திருந்தாள். என் அக்கா சரத்தைத் தலையைச் சுற்றிக் கட்டினாள். வழுக்கிக் கழுத்துக்கு வந்தது. மறுபடியும் கட்டினாள். மறுபடியும் வழுக்கியது. "எங்க நிக்கும்? என்னான்னு நான் கட்டுவேன்?" என்று அக்கா தன் தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

நிவேதா எழுந்து உள்ளே போய் அரக்குத் தொப்பியை எடுத்து வந்தாள்.

"வேணாம்டி. அது பெருசு. மூஞ்சிய மூடிடும்" என்றாள் அக்கா.

"மூடினா எடுத்துடறேன் அத்தை. ஒரு தடவ போட்டுப் பாக்க விடுங்க."

வைத்தாள். தொப்பி இறங்கவில்லை. முன்பு வகிடு தொடங்கும் இடத்தில், நெற்றிக்கு மேலே, நின்றது.

ராணி மெதுவாக, "கொண்ட போட்டுக்கினு வெச்ச மாதிரியே நிக்குதேம்மா" என்றாள். நான் குனிந்து, தொப்பியின் விளிம்புக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தேன், இடமில்லை. பின்புறம் கையை வைத்து லேசாக அழுத்தினேன். துணிக்கு அடியில், அடர்ந்த கூந்தலை முடிந்து வைத்தால் எப்படிக் கைக்குள் அமுங்கி எழுமோ, அப்படி அமுங்கி எழுந்தது. அந்தக் கொண்டையை என் கை அறியும். வேறு எதையும் என்னோடு வாதிடுங்கள்; அதை மட்டும் வாதிடாதீர்கள்.

ராணி வளையங்களில் மல்லிகையைச் சுற்றினாள். ஒரு பூகூட நழுவவில்லை. விசாலம் தலை நிறையப் பூவோடு படுத்திருந்தாள்.

மின் மயானத்தில் பணியாளர் தொப்பியைத் தடவிப் பார்த்து, "உள்ள கம்பி இருக்குது சார், எடுத்துடுங்க" என்றார். நிவேதா இரண்டு கைகளாலும், கூந்தல் கலையாமல் எடுப்பவளைப் போல, மெல்ல அசைத்து அசைத்துத்தான் கழற்ற முடிந்தது. அடியில் வெறும் தலைதான் இருந்தது. பூவை அவிழ்த்து விசாலத்தின் கைகளில் வைத்து அனுப்பினோம்.

கம்பளி ஈரத்தில் சுருங்கியிருக்கும் என்பீர்கள். வீட்டுக்கு வந்து குளித்த ஈரம் காய்வதற்கு முன்பே நானும் அப்படித்தான் எண்ணி, டேப்பை எடுத்து உட்புறத்தை அளந்தேன். நிவேதா கூந்தலின் மேல் எடுத்த அதே அளவு, நூலளவும் குறையவில்லை.

அதன் பிறகு நிவேதா கல்லூரிக்குப் போகவில்லை. "உயிரோட இருக்கும்போது ஒரு நாள் போட்டுக்கலையேப்பா. நான் தப்பா அளந்தேன்ல?" என்பதைத் தவிர அவள் வாயில் வேறு பேச்சில்லை. நான் ஓதிய பதிகங்கள் அவள் காதில் ஏறவில்லை. என் காதிலும் ஏறவில்லை. கடைசியில் அவளுடைய ஆசிரியை அழைத்து, செய்த தொப்பி ஒன்றைக் கொண்டுவந்தால்தான் தேர்வில் உட்கார முடியும் என்றார். இவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இருவரும் போனோம்.

ஆசிரியை கன்னடக்காரர், விசாலத்தின் மறைவை அறிந்தவர், தொப்பியின் கதையை அறியாதவர். "உக்காருங்க சார், தமிழ் எனக்கு ஸ்வல்ப ஸ்வல்ப வரும்" என்று உபசரித்துவிட்டுத் தொப்பியை வாங்கிப் புரட்டினார். அவர் முகம் மாறியது.

"ஏன் நிவேதா இது? புதுசா செஞ்சது தானே கேட்டேன்? பழசு கொண்டு வந்திருக்கியே."

"புதுசுதான் மேம். நான் செஞ்சது."

"சும்னே பொய் சொல்லாதே. ஒரு உடுப்பைப் பாத்து போட்டவங்களைப் பத்தி சொல்லணும்னு உங்களுக்கு நான்தானே சொல்லிக் கொடுத்தேன்? இல்லி நோடு, இங்க பாரு." ரிப்பன் பட்டையைத் திருப்பிக் காட்டினார். அது கறுத்து, தேங்காயெண்ணெய் ஏறிப் பளபளத்தது. "இது ஒரு நாள்ல ஆகாது. தெனம் போட்டிருக்காங்க, எஷ்டோ வருஷம், பல வருஷம். கையால பிடிச்சுக் கழட்டற எடம் தேஞ்சிருக்கு. வளையம் எல்லாம் பூ கனத்துக்கு இழுத்துப் போயிருக்கு. நல்லா இருந்திருக்காங்க இந்தம்மா. தெனம் வெளிய போய் வந்திருக்காங்க."

நிவேதா விரலால் விளிம்பின் தையலைத் தொட்டுக் காட்டினாள். அது அவள் கைத்தையல். கம்பளித் துணியும் அந்த ஆசிரியையே தம் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. நடந்ததை நான் சொன்னேன். அவர் தொப்பியை மேசையில் வைக்காமல் கையிலேயே சுற்றிச் சுற்றித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"சார், ஒண்ணு கேக்கறேன். வெயில்ல இது சுத்தி எல்லா எடமும் வெளுத்திருக்கு. வலது பக்கம் மட்டும் வெளுக்கலை. அந்தப் பக்கம் ஒருத்தர், இவங்களைவிட உயரமானவங்க, எப்பவும் கூடவே நடந்திருக்கணும். அவங்க நெழல் விழுந்திருக்கு. யார் அது?"

எங்கள் தெருவில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்: கோயிலுக்கோ கடைக்கோ, விசாலம் என் இடப்பக்கமாகத்தான் வருவாள். அவள் என் தோளளவு.

நிவேதா அன்றிலிருந்து அளவைப் பற்றி அழுவதில்லை. தேர்வு எழுதினாள்; இப்போது வேலைக்கும் போகிறாள். தொப்பியை மட்டும் நான் பீரோவில், வெளிச்சம் புகாத அடித்தட்டில், வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். இன்று காலை வளையல் சாத்தப் புறப்படுமுன் எடுத்துப் பார்த்தேன். அரக்கு நிறம் இளஞ்சிவப்பாக வெளிறிக்கொண்டு வருகிறது. சென்ற மாதத்தைவிட இந்த மாதம் இன்னும் வெளிறியிருக்கிறது. வலப்பக்கம் மட்டும் அப்படியே அரக்காக இருக்கிறது. நானோ இங்கே தனியாகத்தான் நடக்கிறேன். அங்கே அவளோடு நடப்பவர் எவர் என்று எந்தப் பதிகமும் எனக்குச் சொல்லவில்லை.

இதைப் படித்த அனைவருக்கும் அம்பிகை நிறைந்த ஆயுளை அருள்வாளாக. உங்கள் வீட்டுப் பெண்களின் தலையில் பூ வாடாதிருக்கட்டும். உங்கள் பக்கத்தில் நடப்பவருடைய நிழல் உங்களைவிட்டு நீங்காதிருக்கட்டும்.