நல்லா இருக்கேன் என்ற பிறகு

“...நல்லாத்தான் இருக்கேன்மா, ஒரு குறையும் இல்ல. என்ன, அந்தக் கால்லதான் ரெண்டு நாளா...”

பதிவில் அதற்கு மேல் அவர் குரல் இல்லை. “மிக்க மகிழ்ச்சி ஐயா, உடம்பைப் பார்த்துக்கோங்க, வணக்கம்” என்று எங்கள் இயந்திரம் அவர் பேச்சின் மேல் ஏறிப் பேசி, இணைப்பைத் துண்டித்திருந்தது.

பக்கத்தில் இருந்த என் உடன்பணியாளர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அந்த இயந்திரத்தின் குரல் அவளுடையது. ஒரு மாதம் அறைக்குள் உட்கார்ந்து வாசித்துக் கொடுத்த குரல். “அண்ணே, நானே அந்த மனுசன் வாயப் பொத்துன மாதிரி இருக்கு” என்றாள்.

பதிவின் தேதியைப் பார்த்தேன். ஒன்பது நாள் ஆகியிருந்தது.

மனிதரோடு தமிழில் பேசும் இயந்திரங்களைச் செய்வதுதான் என் ஆராய்ச்சி. நாகமலை புதுக்கோட்டையில் ஒரு வாடகை மாடிதான் எங்கள் ஆய்வுக்கூடம். சர்க்கரை நோயால் காலில் புண் வந்து, கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்பியவர்களை ஒரு சின்ன மருத்துவமனைக்காக எங்கள் இயந்திரம் போனில் கூப்பிட்டு விசாரிக்கும். வலி, வீக்கம், காய்ச்சல் என்று யாராவது சொன்னால் உடனே மருத்துவருக்குச் செய்தி போகும். நலம் என்றால் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி. இவருக்குப் பச்சைப் புள்ளி விழுந்திருந்தது.

நான் இந்தத் துறைக்குக் கல்லூரி வழியாக வந்தவன் இல்லை. செல்போன் கடையில் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன். நிரல் எழுதுவதை நானாகக் கற்றேன். ஆனால் பேச்சு? அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். “சீட்டும் இல்ல, நிக்க எடமும் இல்ல, மனசுல எடம் இருக்கு, ஏறு மாப்ள” என்று ஒரு கண்டக்டர் சொன்னால் இறங்கியதும் அதை எழுதி வைப்பேன். டீக்கடை, பேருந்து நிலையம், ரேஷன் வரிசை என்று அனுமதி கேட்டுக் கேட்டு மதுரைப் பேச்சைப் பதிவு செய்தேன். அந்தப் பதிவுகள்தான் எனக்கு ஆராய்ச்சியாளன் என்ற பெயரையே வாங்கித் தந்தன. வெளியூர்க் கருத்தரங்குகளில் நம் ஊர் ஆட்கள் பேசுவதைப் போட்டுக் காட்டி, கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

தவறும் அங்கேதான் இருந்தது. இயந்திரம் கற்பதற்காக அந்தப் பேச்சையெல்லாம் ஒவ்வொரு வாக்கியமாக நறுக்கினேன். நறுக்கிய துண்டுகளுக்கு நானே பெயர் ஒட்டினேன். “நல்லா இருக்கேன்” என்று வந்த இடத்தில் எல்லாம் ‘நலம்’ என்று ஒட்டினேன். இந்த ஊரில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் சாகக் கிடப்பவரும் முதலில் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார். அது பதில் இல்லை, மரியாதை. அப்புறம் சாப்பிட்டாயா என்பார், வெயிலைத் திட்டுவார், மூன்றாவது நான்காவது பேச்சில்தான் மனசில் இருப்பது வெளியே வரும். இது எனக்குத் தெரியாதா? ஊருக்கே சொல்லித் திரிந்தவன் நான். ஆனால் துண்டு துண்டாகக் கேட்கும்போது மறந்துவிட்டது. போதாததற்கு, முதலில் செய்த இயந்திரம் பதிலுக்குப் பிறகு பேசாமல் காத்திருந்ததால் ஆட்கள் “ஹலோ, ஹலோ” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள் என்பதற்காக, நலம் என்று கேட்டதும் ஒரு நொடியில் விடைபெறும்படி மாற்றினேன். இயல்பாக இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

பதிவில் பேசியவரின் எண்ணுக்குப் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மருத்துவரைக் கூப்பிட்டேன். கட்டு மாற்ற வரவேண்டிய நாளில் அவர் வரவில்லை என்றார். “பச்சைப் புள்ளி இருந்துச்சு, பக்கத்துல எங்கயாச்சும் மாத்தியிருப்பாருன்னு நினைச்சோம்.” பதிவில் கேட்டதைச் சொன்னேன். “இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. சர்க்கரைப் புண்ணு ஒன்பது நாள்னா காலே போயிரும்” என்றார்.

“நீங்க போங்கண்ணே. மத்த பச்சைப் புள்ளியெல்லாம் நான் ஒண்ணொண்ணா கேக்குறேன்” என்றாள் அவள். அவள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். வண்டிச் சாவியை நான் தேடும்போது சொன்னாள்: “எங்க வீட்லயும் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டுத்தான்ணே அழுவாங்க. எனக்கும் தோணல பாருங்க.”

கோச்சடை தாண்டி, ஆற்றைக் கடந்து, அழகர்கோவில் சாலையைப் பிடிப்பதற்குள் இரண்டு முறை சிக்னலைக் கவனிக்காமல் போயிருக்கிறேன். ஒரு லாரிக்காரர், “வீட்ல சொல்லிட்டு வந்தியா?” என்று கத்தினார். வேறு நாளாக இருந்தால் அதையும் எழுதி வைத்திருப்பேன். ஹெல்மெட்டுக்குள் அந்த அறுந்த வாக்கியம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கால்லதான் ரெண்டு நாளா. ரெண்டு நாளா என்ன? வலியா? சீழா? நடுவில் போன் அடித்தது. ஓரம் கட்டினேன். “அண்ணே, இன்னும் இருக்கு” என்றாள் அவள். “ஒரு அம்மா, நல்லா இருக்கேன்னு சொல்லி மூச்சு விடுறதுக்குள்ள நம்ம மெசின் வச்சிருச்சு. நான் கூப்பிட்டுப் பேசிட்டேன், அவங்களுக்கு ஒண்ணுமில்ல. ஆனா இன்னும் எம்புட்டு இருக்குன்னு தெரியல.” அவள் குரல் நடுங்கியது. அதே குரல்தான் இயந்திரத்தில் நடுங்காமல் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் வீடு பூட்டியிருந்தது. அடுத்த வீட்டுப் பெண், “வயலுக்குப் போயிருக்காரு. இன்னைக்கு அவுகளுக்குத் தண்ணி மொற” என்று கை காட்டினாள். தண்ணீர் என்றதும், புண் நனையுமே என்று ஓடினேன்.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வாய்க்காலில் நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வலது காலில் ஒரு பிளாஸ்டிக் பை, கணுக்காலில் சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

“அண்ணே, ஆஸ்பத்திரிலேருந்து வாரேன். மேல ஏறுங்க. கால் எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கேன் தம்பி, நல்லா இருக்கேன்.”

நான் பேசாமல் நின்றேன். அவரை இழுத்துக்கொண்டு ஓடவேண்டும் போல் இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

“இந்த வெயில்லயா வந்தீக? சாப்டீகளா? எந்த ஊரு உங்களுக்கு?” மண்வெட்டியை வரப்பில் வைத்தார். “மக சீமந்தத்துக்கு மூணு நாள் அங்கிட்டுப் போயிருந்தேன்.” மேலே ஏறி உட்கார்ந்தார். “என்ன, வெரலுதான் லேசா கறுத்தாப்ல தெரியுது.”

வண்டியில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தார். ஒரு பள்ளத்தில் குலுங்கியபோது அவர் முழங்கை என் முதுகில் பட்டது. சட்டை வழியாகச் சுட்டது, அவ்வளவு காய்ச்சல். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டு வந்தார். “எங்கப்பா காலம் வரைக்கும் அடுத்தவன் வயல்ல கூலிக்கு நின்ன காலு தம்பி. நான்தான் சொந்தமா முக்கா ஏக்கர் வாங்கி எறங்குனேன். டாக்டர்ட்ட கொஞ்சம் சொல்லுங்க, காலுக்கு ஒண்ணும் பண்ணிரப்படாது.”

“சரிண்ணே” என்றேன். வண்டியை முறுக்கினேன்.

மருத்துவமனையில் உள்ளே கட்டைப் பிரித்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் அந்த இயந்திரம் நல்லா இருக்கேன் என்று கேட்ட பிறகும், “வேற என்னங்க?” என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருக்கிறது. இருந்தும் ஒரு பச்சைப் புள்ளியைப் பார்த்தால் எனக்கு அந்த பெஞ்சின் இரும்பு தொடையில் குத்துகிறது.

மருத்துவர் வெளியே வந்தார். “ரெண்டு வெரல எடுத்தாகணும். பாதம் தப்பிரும்னு நினைக்கிறேன். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா முழங்கால் வரைக்கும் போயிருக்கும்.”

உள்ளே போய் அவர் கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கூப்பிட்டது பெண் இல்லை, இயந்திரம். செய்தவன் நான். நீங்கள் பேசும்போதே அது வைத்துவிட்டது, அது என் தவறு. திட்டுவார், அடிப்பார் என்றுகூட நினைத்தேன்.

“மெசினா? அது மெசினா?” என்று அண்ணாந்து பார்த்தார். “அடப்பாவிகளா, என்னா மரியாதையாப் பேசுச்சு.”

“விரல் கறுத்ததும் ஏண்ணே வரல?” என்று கேட்டேன்.

“அதான் போன்ல சொன்னேன்ல” என்றார்.

போன் அறுந்தது அவருக்குத் தெரியவில்லை. மறுபக்கம் சத்தம் நின்றதும், அந்தப் புள்ளை எழுதிக்கொண்டிருக்கிறது என்று நினைத்திருக்கிறார். வரப்பில் உட்கார்ந்து, விரல் கறுத்ததை, ராத்திரி உடம்பு காய்ந்ததை, பைக்குள்ளிருந்து வாடை வருவதை ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். எல்லாம் கேட்டும் அது பதறவில்லை என்றால் பதற ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு, “அப்ப வச்சிரவாம்மா?” என்று கேட்டிருக்கிறார். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, போனை மடியில் செருகி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்.