மகாதேவய்யர் நாக்கும் என் பாயசமும்

என்னை முதலில் கெடுத்தவர் பென்ஷன் ஹெட் கிளார்க் மகாதேவய்யர். சமையல் தொழிலில் கை எத்தனை சுத்தமாக இருந்தாலும் தீர்ப்பு அடுத்தவன் நாக்கில்தான். அடுப்படியில் வெந்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பாயசம்

கோட்டைக்குள் ஒரு பூணூல் கல்யாணம். சமையல் என் பொறுப்பு. நைவேத்யம் ஆகும்வரை நாங்கள் எதையும் வாயில் வைக்கக் கூடாது. மணத்தையும் பாகின் பதத்தையும் பார்த்தே வெல்லம் போடுவோம். முதல் இலையில் உட்கார்ந்த மகாதேவய்யர் ஒரு வாய் வைத்துவிட்டு, "என்ன ஓய், வெல்லம் இன்னும் கடையிலேயே இருக்கா?" என்றார். பந்தியே சிரித்தது. பக்கத்து இலைக்காரர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். "நீங்களாவது சொல்லுங்கோ" என்றேன். மனுஷர் மகாதேவய்யர் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணா சொன்னா சரியாத்தான் இருக்கும். தித்திப்பு கொஞ்சம் மட்டுதான்."

ரசம்

அதோடு கல்யாண வீடுகள் என்னைக் கூப்பிடுவது நின்றது. சாலைக் கடைத்தெருவில் ஒரு காபி கிளப்பில் கரண்டி பிடித்தேன். மூக்கடைத்துக் கண் சிவந்து வந்த போலீஸ்காரர் ஒருவர், ரசம் வெந்நீர் மாதிரி இருக்கிறது என்று கத்தினார். மூக்கு அடைத்தால் ருசியில் பாதி போய்விடும். நம்பாதவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சீரகம் மென்று பாருங்கள், மரத்தூள்தான். ஜலதோஷத்தால் அப்படி என்று பணிவாகவே சொன்னேன்.

"ஜலதோஷம் எனக்குத்தானே சாமி, ரசத்துக்கு என்ன கேடு?"

இலை

அடுத்த வருஷம் ஒரு நாள், கிளப்புக்கு வாழையிலை கொண்டுவரும் பாருக்குட்டியின் கூடையில் ஏதோ கொடியிலை கிடந்தது. கீரையா என்று இரண்டை மென்றேன். ஒரே கசப்பு. கசப்புப் போக வாயில் போட்ட வெல்லம் மண்கட்டியாக இருந்தது. சர்க்கரையைப் போட்டேன், ஆற்றுமணல். நாக்கே செத்துவிட்டதென்று நடுங்கிப்போனேன். தெளிய அரை மணி ஆயிற்று. பாருக்குட்டி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அது சக்கரைக்கொல்லியாக்கும் சாமி, நீரிழிவுக்கு மருந்து! மகாதேவய்யர் சாமிக்கு மூணு வருஷமா நான்தானே கொடுக்கறேன். அதை மென்னுட்டுத்தான் ஊணுக்கே உட்காருவார்."

வாசல்

அன்றே இலையோடு அவர் வாசலில் போய் நின்றேன். காசு வேண்டாம், அன்று சிரித்தவர்கள் முன்னால், பாயசம் இனித்தது என்று ஒரு வார்த்தை போதும் என்றேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"சத்தம் போடாதேயும் ஓய்! எனக்கு நீரிழிவுன்னு தெரிஞ்சா, அப்புறம் எந்தப் பந்தியிலயாவது எனக்குப் பாயசம் விடுவாளா?"

சக்கரைக்கொல்லி மென்ற நாக்குக்கே அரை மணியில் இனிப்பு திரும்பி வந்துவிடுகிறது. எனக்குச் சேர வேண்டிய அந்த ஒரு வார்த்தை மட்டும் மகாதேவய்யர் நாக்குக்கு இருபது வருஷமாகியும் வந்தபாடில்லை.