பை நிறையக் கொழுந்து

போன வருடம் முதல் தவணை தொடங்கிய அன்று நானும் விஜயலெட்சுமியும் ஒரு தீர்மானம் எடுத்தோம். உயர்தரப் பரீட்சை வரும்வரை உயிரியல் வகுப்பு ஒன்றைக்கூடத் தவறவிடுவதில்லை. என் தீர்மானம் மூன்றாவது கிழமையே பல்லிளித்தது. மாமி மகளின் கல்யாணத்துக்குப் பண்டாரவளை போனவள் இரண்டு நாள் அங்கேயே தங்கிவிட்டேன். விஜயலெட்சுமியோ நமுனுகுலவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பதுளைக்கு வருகிறவள். மண் சரிந்து பாதை மூடிய அன்றும் நடந்தே வந்து சேர்ந்தாள். எங்கள் கடை பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. பக்கத்தில் இருப்பதால்தான் ஸிஹாமாவுக்குப் பிந்துகிறது என்று என்னைக் கேலி செய்வாள்.

உயிரியல் படிப்பித்த ஜெஸீம் சேரின் வகுப்பில் இருந்தது ஒரே ஒரு நுணுக்குக்காட்டி. முப்பது பேர் வரிசையில் நின்று பார்ப்போம். விஜயலெட்சுமி பார்த்து முடித்ததும் வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி நிற்பாள்.

மே மாதம் இலையின் நுண்துளையான இலைவாயைப் பார்ப்பதற்கு இலை கொண்டுவரச் சொன்னார் சேர். எந்த இலையானாலும் சரி, கொஞ்சம் முற்றியதாக இருக்கட்டும் என்றார். எல்லாருக்கும் சேர்த்துத் தானே கொண்டுவருவதாக அவள் கையைத் தூக்கினாள்.

லீவு நாட்களில் அம்மாவோடு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்ப் பழகிய கை அது. முற்றிய இலை கலந்தால் நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை ஏசுவார். அந்தப் பயத்தில் வளர்ந்த கை, சேர் சொன்னதை மறந்து கொழுந்தாகவே கிள்ளிவிட்டது. ஒரு பை நிறைய.

தோட்டத்துக் கொழுந்து ஒரு பிடி வெளியே போனாலும் திருட்டுத்தான். காவல்காரர் முருகையா பையைத் திறந்து பார்த்தார். அவரும் அதே லயத்துக்காரர். படிப்புக்கு என்று அவள் சொன்னதை அவர் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

"முத்துன எலைன்னா விட்டிருப்பேன் புள்ள. இது கொழுந்தாச்சே" என்று பையை ஆபீசுக்குக் கொண்டுபோய்விட்டார்.

அவளுடைய அம்மா கருப்பம்மாவின் வேலையை நிறுத்தினார்கள். அப்பா இல்லாத வீடு, அவளுக்குக் கீழே இரண்டு தம்பிகள். இலை படிப்புக்குத்தான் என்று எழுதிய கடிதத்தோடு ஜெஸீம் சேர் நேரில் போனார். தோட்டத்தை நடத்தும் துரை மரியாதையாக உட்காரவைத்துப் பேசினாராம். பிள்ளைக்குப் பதினெட்டு ஆகிவிட்டதே, அவளும் பேர் பதிந்து வேலைக்கு வந்தால் தாயை மன்னிக்கலாம் என்றாராம். மலையில் வேலைக்கு ஆள் இல்லை, அதுதான் விஷயம். திருடி என்று சொன்ன வாயாலேயே கொழுந்து பறிக்கக் கூப்பிட்டார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் பேர் பதிந்தாள். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூப்பிடும்போது அவள் பெயரும் வருகிறது.

நான் விடவில்லை. பரீட்சையையாவது எழுதட்டும் என்று கிழமை முழுவதும் குறிப்பை இரண்டு பிரதி எழுதி, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்க் கொடுப்பேன். அதற்காகவே ஒரு வகுப்பும் தவறாமல் போனேன். நாலு ஞாயிறு சிரித்துக்கொண்டே வாங்கினாள். ஐந்தாவது ஞாயிறு, உள்ளே போய் அந்த நாலு கட்டுத் தாளையும் எடுத்துவந்தாள். ஓரம்கூட மடங்கவில்லை. இலைக்கறை ஏறிக் கறுத்த விரல்களால் அவற்றை என் மடியில் வைத்தாள்.

"இனிமே கொண்டாராத ஸிஹாமா" என்றாள். "இத வாசிச்சா மறுநா பெரட்டுக்குப் போக கால் எழும்ப மாட்டேங்குது."