ஹெந்த்ரோ வைத்துவிட்டுப் போன வேலை

ரத்மியைக் கவனமில்லாதவள் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், அது பொய். இந்தோனேசியாவின் செமாராங் நகரில் ஒரு சிறுநீரக மருத்துவமனையின் கணினி அறையைப் பத்தொன்பது வருஷம் காத்தவள். நோயாளியின் சீட்டு ஒன்றுகூட அவள் கையில் தொலைந்ததில்லை.

லெபரான் என்கிற நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குக் கிளம்புமுன் அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரே ஒரு தடவை நடக்கவேண்டிய வேலைகளை, நாளும் மணியும் சொல்லிக் கணினியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். நேரம் வந்தால் அது தானே செய்துவிடும். அந்த வருஷம் ரத்மி மட்டும் ஊருக்குப் போகவில்லை.

பெருநாளன்று, நோயாளிகளின் விவரமெல்லாம் அப்போதுதான் மாற்றி வைத்திருந்த புதிய வட்டு செத்துப்போனது. ரத்மி பதறவில்லை. பழைய வட்டைத் திரும்ப ஓடவிட்டாள். முன்னூறு பேருடைய மருந்தளவும் அந்த ஒன்றில்தான்; வேறு பிரதி கிடையாது.

மூன்றாம் நாள் காலை ஒன்பதரைக்கு, அவளோடு வேலை பார்க்கும் ஹெந்த்ரோ ஊரிலிருந்து போனில் கூப்பிட்டான். வழக்கப்படி பெருநாள் மன்னிப்பெல்லாம் கேட்டுவிட்டு, பழைய வட்டில் இருப்பதையெல்லாம் துடைத்து அழிக்கிற வேலையை இன்றைக்குப் பத்து மணிக்கு வைத்திருப்பதாகப் பெருமையாகச் சொன்னான். ரத்மி அவசரமாக, காத்திருக்கும் வேலைகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். காலி.

"ஒண்ணுமே இல்லையேப்பா. பெருநாள் கெத்துபட் சோறு தின்ன மயக்கத்துல கனவு கண்டியா?"

நிம்மதியாகத் தேநீர் ஊற்றிக்கொண்டாள். அது ஆறுவதற்குள் அவன் மறுபடி கூப்பிட்டான். குரல் மாறியிருந்தது.

"அக்கா, உங்க பேர்ல பாத்தா உங்க வேலை மட்டுந்தான் தெரியும். நான் வச்சது என் பேர்ல இருக்கு, அது என் கைரேகைக்குத்தான் திறக்கும். எல்லாரோட வேலையும் தெரியற தலைமைக் கணக்குல போய்ப் பாருங்க."

அதன் கடவுச்சொல் மேலாளரின் அலமாரியில், ஒட்டிய உறைக்குள் இருந்தது. மேலாளரும் ஊரில். மின்சாரத்தைப் பிடுங்கிவிடலாம் என்று கை போனது. ஆனால் வார்டில் ஆறு பேர் படுத்திருந்தார்கள். அவர்களுக்கு மருந்து போவது இந்தக் கணினியைப் பார்த்துத்தான். அலமாரிப் பூட்டை உடைத்தாள்.

உள்ளே நுழைந்தபோது பத்து மணி தாண்டி இரண்டு நிமிஷம். இப்போது பட்டியலில் மூன்று வரிகள். ஹெந்த்ரோவின் வரியில், காத்திருப்பதைக் காட்டும் எழுத்து நிற்கவேண்டிய இடத்தில் ஒரு சமக்குறி. அப்படியென்றால் வேலை காத்திருக்கவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வேலையின் எண்ணைக் கொடுத்து நீக்கினாள். ஓடுகிற வேலையை நீக்குகிறாய் என்று மட்டும் கணினி சொன்னது. வரி மறைந்தது. ஆனால் வட்டின் விளக்கு சிமிட்டுவதை நிறுத்தவில்லை; பட்டியலிலிருந்துதான் போயிருந்தது, துடைப்பது நடந்துகொண்டே இருந்தது.

ரத்மி குனிந்து கணினியின் மின்வயரைப் பிடுங்கினாள்.

வார்டுத் தொலைபேசி அடித்தது. நர்ஸ்தான்.

"அக்கா, நாலாம் படுக்கைக்காரர் சீட்டு திறக்கல. மருந்து எவ்வளவு போடணும்?"

வயர் கையில் தொங்க, ரத்மி இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.