மூன்று மணிப் பால்

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, இது நடந்தது. ஒன்பது வருஷமாக என் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைத்தவளுக்கு நடந்தது. முதலில் கேட்டபோது, "பச்சை உடம்பு, தூக்கம் கெட்டா எல்லாம்தான் தெரியும்" என்று நானும் தட்டிவிட்டேன். அவள் வாதாடவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் மடியில் போட்டாள். ஆஸ்பத்திரியில் எழுதச் சொன்ன நோட்டு. எத்தனை மணிக்குப் பால் எடுத்தாள், எவ்வளவு வந்தது என்று ஒவ்வொரு வேளையும் குறித்திருந்தாள். நான் சொல்லப்போகிற நேரமெல்லாம் அதில் இருப்பவைதான். ஒரு நிமிஷம்கூட நானாகக் கூட்டவில்லை.

அவளுக்கு மூத்தது பெண். இரண்டரை வயது. கூப்பிடுவது வாலு என்று. இரண்டாவது, ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டுவிட்டது. மெஷினில் காலர் தைத்துக்கொண்டிருந்தபோதே பனிக்குடம் உடைந்துவிட்டது. அன்றைக்கே ஆபரேஷன். ஆண் குழந்தை. ஒரு கிலோ ஐம்பது கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய். தொடை அப்பாவின் சுண்டுவிரல் பருமன்தான் இருந்தது. அதனால் சுண்டு என்று பெயர் வைத்தார் அவர்.

ஐந்தாம் நாள் அவளை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள். சுண்டு பெட்டியிலேயே இருந்தான். வீடு மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. வயிற்றில் தையல். வாலுவை வார்டுக்குள் விடமாட்டார்கள். கீழ்வீட்டுப் பெண் பகலில் எப்போதாவது அரை மணி நேரம் பார்த்துக்கொண்டால்தான் அவளால் ஆஸ்பத்திரிக்கு ஓட முடியும். கணவருக்கு பேக்கரியில் ராத்திரி வேலை. பத்து மணிக்குப் போனால் விடிகாலை ஐந்தரைக்கு மாவு வாசனையோடு வருவார். உடனே பால் பாட்டில்களை ஐஸ் டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வண்டியை விடுவார்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மெஷின் வைத்துப் பால் எடுக்க வேண்டும். 'ம்ம்ம்... டக். ம்ம்ம்... டக்' என்று சத்தம் போடும் சின்ன மெஷின். வாலு அதற்கு மாடு என்று பெயர் வைத்துவிட்டாள். "அம்மா, மாடு கத்துது" என்று வந்து மடியில் ஏறப் பார்ப்பாள். தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தள்ளிவிட்டால் தரையில் புரண்டு அழுவாள். அவள் அழ, இவள் அழ, மாடு மட்டும் கத்திக்கொண்டிருக்கும்.

அந்த நோட்டில் ஐந்தாம் நாள் நாற்பது மில்லி என்று இருக்கிறது. அடுத்த நாள் இருபத்தைந்து. அப்புறம் பத்து. எட்டாம் நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எண்ணே இல்லை. 'நாலு சொட்டு' என்று எழுதியிருந்தாள்.

அன்றைக்குப் பகலில்தான் பவுடர் பால் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். சுண்டுவின் வயிறு உப்பி நீலம் பாரித்துவிட்டது. உடனே நிறுத்திவிட்டார்கள். வேறு தாய்மார்கள் கொடுக்கும் பாலும் அந்த வாரம் இருப்பில் இல்லை.

சாயங்காலம் டாக்டரம்மா போனில் மெதுவாகத்தான் பேசினார். "தாய்ப்பால் தவிர எதுவும் அவனுக்கு ஒத்துக்காதும்மா. கொஞ்சமா இருந்தாலும் பரவால்ல, அனுப்புங்க."

"வரலியே டாக்டர்..."



பன்னிரண்டு மணிக்கு அந்த நாலு சொட்டை வைத்துக்கொண்டு அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். சாமியைக் கூப்பிடவில்லை. பெயர் சொல்லி யாரையும் கூப்பிடவில்லை. "யாராவது குடுங்களேன்... யாரா இருந்தாலும் பரவால்ல, குடுங்களேன்..." என்று வாய்விட்டுச் சொன்னாள். அதை மட்டும் என்னிடம் சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்துவிட்டது.

மூன்று மணிக்கு அலாரம் வைத்துப் படுத்தாள். அடித்ததே தெரியவில்லை.

ஐந்து நாற்பதுக்கு ஃப்ரிட்ஜைத் திறந்த கணவர் கத்தினார்.

"ஏம்மா! இவ்ளோ வந்துச்சா?"

பாட்டில் கழுத்துவரை பால்.

தூக்கக் கலக்கத்தில் தானே எடுத்திருப்போம் என்று நினைத்தாள். வேறு என்ன நினைப்பாள்? அவர் சந்தோஷமாக ஓடினார். மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். சுண்டு பாலைக் கக்கவில்லை. வயிறு மெத்தென்று இருக்கிறது.

பிறகுதான் ஒன்றொன்றாகக் கண்ணில் பட்டது. மெஷினின் கப், குழாய் எல்லாம் கழுவி, ஒரு துணியை விரித்துக் கவிழ்த்து வைத்திருந்தது. அவள் ராத்திரி கழுவுவதே இல்லை. தண்ணீரில் போட்டுவிட்டுப் படுப்பாள்.

அடுத்த நாளும் பாட்டில் நிரம்பியிருந்தது. மூடியைச் சுற்றி ஈரமான முடி ஒன்று. அதைப் பிரித்து இழுத்தாள்... இழுத்துக்கொண்டே இருந்தாள். முழங்கைவரை வந்தது. அவள் முடி தோளைத் தாண்டாது.

"வாலு, ராத்திரி நீ எழுந்தியா?"

"ம். மாடு கத்திச்சு."

"நீயா அமுக்குனே?"

"இல்ல. அம்மா."

"அம்மா தூங்கினேனேடி?"

"நீ தூங்கினே." வாலு பொம்மையின் காலைத் திருகிக்கொண்டே சொன்னாள். "அந்த அம்மா கறந்துச்சு."

அன்று ராத்திரி மெஷினைப் பிடுங்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். கதவுத் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

காலையில் சாவி தலையணைக்கு அடியிலேயே இருந்தது. மெஷின் சமையல் மேடைமேல் இருந்தது. பாட்டில் நிரம்பியிருந்தது.

அந்தப் பாட்டிலைக் கொட்டிவிடலாம் என்று அவள் தொட்டிக்கு மேல் பிடித்தாள். மூடியைப் பாதி திறந்துவிட்டாள். அப்போது போன். சிஸ்டர்தான் பேசினார். "இருபது கிராம் ஏறிருக்கும்மா! பொறந்ததுலேருந்து இன்னிக்குத்தான் முதல் தடவையா ஏறுது."

அவள் மூடியைத் திருகினாள். லேபிளில் தன் பெயரை எழுதினாள். கணவரிடம் கொடுத்தாள்.

"அழுதியா?" என்றார்.

"இல்லங்க. தூசி."

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் பாலைக் கொண்டுபோக மாட்டார். அவளுக்கு அது தெரியும்.

பாட்டில் நிரம்ப ஆரம்பித்து ஐந்தாவது ராத்திரி. தூங்கவே கூடாது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வாலு குப்புறப் படுத்திருந்தாள். இரண்டு மணி. இரண்டரை. தையல் விண்விண்ணென்று தெறித்தது. இரண்டு ஐம்பதுக்குக் கடிகாரத்தைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. கண்ணை மூடித் திறந்தாள்.

மூன்று பத்து.

ம்ம்ம்... டக். ம்ம்ம்... டக்.

சமையலறையிலிருந்து.

பாயில் கையை வைத்துத் துழாவினாள். வாலு இல்லை.

எழுந்தாள். தையலைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நடந்தாள். பத்தடி தூரம்தான். தரை ஈரமாக இருந்தது. காலுக்கடியில் சில்லென்று...

சமையலறை வாசல்.

இருட்டில் குட்டை ஸ்டூலில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. அவிழ்ந்த முடி தரைவரை கிடந்தது. குனிந்திருந்தாள். மெஷினில் பச்சை விளக்கு ஒன்று மினுக்கியது. பாட்டிலில் பாதிக்கு மேல் ஏறியிருந்தது.

உட்கார்ந்திருந்தவளின் முழங்காலில் தலை சாய்த்து வாலு உட்கார்ந்திருந்தாள். வாலுவின் தலையை ஒரு கை தடவிக்கொண்டிருந்தது.

மெதுவாக. தாய் தடவுவது மாதிரியே.

"வாலு..." கிசுகிசுத்தாள். "வாலு, வா இங்க."

வாலு திரும்பி உதட்டில் விரல் வைத்தாள்.

"ஷ்ஷ்... தம்பிக்கு."

லைட் ஸ்விட்ச் இவள் விரலுக்கு அடியில்தான் இருந்தது. அமுக்கினால் வெளிச்சம் வரும். அது போய்விடும்.

பாலும் போய்விடும்.

ஸ்டூலுக்குப் பக்கத்தில் மகள். பெட்டிக்குள் மகன்.

அவள் விரலை எடுத்துவிட்டாள்.

நின்றாள். அப்படியே நின்றாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள்.

ம்ம்ம்... டக்.

ம்ம்ம்... டக்.

மூன்று முப்பத்தொன்று. சத்தம் நின்றது.

மூடி திருகும் சத்தம்.

பிறகு ஒன்றும் இல்லை.

ஸ்டூல் காலியாக இருந்தது. வாலு கொட்டாவி விட்டுக்கொண்டே வந்து காலைக் கட்டிக்கொண்டாள். அந்தச் சின்னத் தலை ஐஸாகச் சில்லிட்டிருந்தது. மேடைமேல் பாட்டில்.

தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. உடம்புச் சூடு.

அதற்குப் பிறகு முப்பத்தொரு ராத்திரி. அவள் சமையலறைப் பக்கம் போகவே இல்லை. வாலுவின் பாவாடை நாடாவைத் தன் மணிக்கட்டோடு கட்டிக்கொண்டு, போர்வைக்குள் காதைப் பொத்திக்கொண்டு கிடப்பாள். காலையில் முடிச்சு அவிழ்ந்திருக்கும். வாலு பக்கத்தில் தூங்கிக்கொண்டிருப்பாள். பாட்டில் நிரம்பியிருக்கும். நோட்டில் அந்த வேளைக்கு நேரத்தை மட்டும் எழுதினாள். எவ்வளவு என்று எழுத அவளுக்கு மனசு வரவில்லை.

சுண்டு தேறினான். முதலில் குழாயை எடுத்தார்கள். பிறகு பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார்கள். அவளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் ஊறியது. கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொன்ன அன்றுதான் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்தவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"அந்த வீட்டுக்கு வேணாம்" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவள் அக்கா வீட்டுக்குப் போனார்கள். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். வேறு ஊர். பழைய வீட்டுச் சாமான்களைக் கணவர் நண்பர்களோடு பட்டப்பகலில் போய் எடுத்து வந்தார். மெஷினைத் தொடவில்லை. அங்கேயே விட்டுவிட்டார்.

அக்கா வீட்டில் எல்லாம் நன்றாக இருந்தது. வாலு மாட்டை மறந்தே போனாள். அக்கா பிள்ளைகளோடு ஓடியாடினாள். இவளும் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள்.

ஆறு வாரம் கழித்து சுண்டுவைக் காட்டுவதற்கு அதே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கணவர் சீட்டு வாங்கப் போயிருந்தார். வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தபோது ஒரு சிஸ்டர் ஓடிவந்தார். பருத்த உடம்பு, சிரித்த முகம். இவள் பார்த்ததே இல்லை.

"இது நம்ம பெட்டி நம்பர் ஆறு தானே? அடடே, கன்னத்தப் பாரு!" சுண்டுவைக் கொஞ்சிவிட்டு இவளைப் பார்த்தார். "மாஸ்க் இல்லாம இப்பத்தாம்மா உங்க மொகத்தப் பாக்குறேன்."

"நீங்க...?"

"ராத்திரி டியூட்டி சிஸ்டர். என்னம்மா, தெனம் நாலு மணிக்கு வருவீங்களே? கண்ணாடி மேல கைய வெச்சுக்கிட்டு விடியற வரைக்கும் நிப்பீங்க. முடிய அள்ளிச் சொருகுங்கன்னு எத்தன தடவ திட்டிருப்பேன்!"

அவள் சுண்டுவை இழுத்து அணைத்துக்கொண்டாள். "நான் ராத்திரி வந்ததே இல்ல சிஸ்டர்."

சிஸ்டர் சிரித்தார். "அந்த அலைச்சல்ல எதுதான் ஞாபகம் இருக்கும்? இவன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு ராத்திரியே மறுபடி வந்து நின்னீங்களே. பெட்டி காலியா இருக்கு, எம் புள்ள எங்கன்னு ஒரே அழுகை. காலைல நீங்கதானம்மா கூட்டிட்டுப் போனீங்கன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"எந்த வீட்டுக்குன்னு கேட்டீங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"டிஸ்சார்ஜ் ஃபைல்ல நீங்க குடுத்த அக்கா வீட்டு அட்ரஸ் இருந்துச்சு. எழுதிக் குடுத்தேன்."

அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். எப்படி எழுந்து போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை. டாக்டரம்மா சுண்டுவைத் தராசில் வைத்தார். முள்ளைப் பார்த்தார். எடுத்து மறுபடி வைத்தார்.

"நாலு கிலோ முந்நூறு! குறைமாசக் குழந்தை இவ்வளவு சீக்கிரம் ஏறி நான் பார்த்ததில்லம்மா. ராத்திரி எத்தனை தடவை பால் குடுக்கறீங்க?"



அக்கா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ராத்திரி அலாரம் அடித்து அவள் கேட்டதே இல்லை. படுத்தால் விடிந்துதான் விழிப்பாள். இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு உடம்பு அசந்து தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள். டாக்டர் திட்டுவாரே என்று யாரிடமும் சொல்லவில்லை. குழந்தைதான் பசித்து அழுவதே இல்லையே.

ஆறு வாரம். சுண்டு ஒரு ராத்திரிகூட அழவில்லை.