சியாமளா எழுதாமல் விட்ட பெயர்கள்

சியாமளா ரவிசங்கர் சென்னைத் தலைமைச் செயலகத்தில் எட்டு வருடம் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். கூட்டத்தில் யார் வாய் திறந்தாலும் பெயர், ஊர், பேச்சு மூன்றும் அவர் நோட்டில் விழுந்துவிடும். 1969இல் என்ஜினீயர் கணவருடன் மான்ட்ரியல் வந்து, கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் குடியேறி, ஒரு பல்கலைக்கழகத்தின் அரசியல் துறையில் வேலைக்குச் சேர்ந்தபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை.

1972 நவம்பரில் அதுவே வம்பை இழுத்துவந்தது.

துறையில் ஒரு பொதுக்கூட்டம். தலைப்பு: 'துருக்கி, நேட்டோவின் நம்பகமான நண்பன்'. பேசியவர் அங்காராவிலிருந்து வந்த ஒரு கர்னல். முந்தைய ஆண்டு மார்ச்சில் துருக்கி ராணுவம் ஒரு கடிதம் எழுதியே, தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமரை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. கர்னல் அதைத் 'திருத்தம்' என்றார். சோவியத்துக்கு எதிரே மேற்குலகின் வாசலைக் காக்கிற நாட்டில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டாமா என்றார். துறைத் தலைவர் விட்கம் எல்லாரையும்விட வேகமாகத் தலையாட்டினார்; எழுந்து ஐந்து நிமிடம் கர்னலைப் புகழ்ந்தும் பேசினார்.

பின்வரிசையில் ஒரு துருக்கிப் பெண் எழுந்தாள். "மே மாதம் மூன்று மாணவர்களைத் தூக்கில் போட்டீர்கள். பத்திரிகைகளை மூடினீர்கள். இதில் ஜனநாயகம் எங்கே இருக்கிறது?"

கர்னல் சிரித்தார். அடுத்த கேள்விக்குப் போனார்.

தேநீர் இடைவேளையில் சியாமளா நோட்டோடு ஒவ்வொருவராகப் போய்ப் பெயரும் ஊரும் கேட்டு எழுதினார். அந்தப் பெண்ணும் தயங்காமல் சொன்னாள்: நெர்மின், வேதியியல் மாணவி, சொந்த ஊர் இஸ்மிர்.

மறுநாள் விட்கம் வந்தார். "பேசியவர்களின் பெயரோடு கூட்டக் குறிப்பின் பிரதி ஒன்று கர்னலுக்கு வேண்டுமாம். திங்கட்கிழமை அனுப்பிவிடுங்கள்."

மதியம் நெர்மின் வந்தாள். விஷயம் அவள் காதுக்கும் போயிருந்தது. "மிஸஸ் ரவிசங்கர், என் அண்ணன் இஸ்மிரில் வாத்தியார். அவன் பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்கெனவே இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். என் பெயர் அங்கே போனால் அடுத்தது அவன்."

'ஒரு மாணவி' என்று மட்டும் போடலாமா என்று சியாமளா விட்கமிடம் கேட்டார்.

"துருக்கி நமக்கு நட்பு நாடு. நண்பர்களைச் சந்தேகப்படுவது நம் வழக்கமில்லை. நீங்கள் டைப் அடித்தால் போதும்."

வருடம் முழுக்க வகுப்பில் ஜனநாயகப் பாடம் நடத்துகிறவர். ஒரு பெண்ணின் அண்ணனை ராணுவத்துக்குக் காட்டிக்கொடுப்பது அவருக்கு வெறும் தபால் வேலை.

அன்றிரவு சாப்பிடும்போது சியாமளா கணவரிடம் சொன்னார்.

"துருக்கி எங்க இருக்குன்னு மேப்ல காட்டு, பாக்கலாம்" என்றார் ரவிசங்கர்.

"நக்கல் பண்ணாதீங்க. அந்தப் பொண்ணு பேரைக் கேட்டு எழுதினது நான்."

"அது உன் வேலைதானே?"

"ஆள் காட்டறதா என் வேலை?"

ரவிசங்கர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். "சரி, வேலை போனா போகட்டும். குளிர்ல பஸ்ஸுக்கு நிக்கற கஷ்டம் மிச்சம்."

வீட்டுக்குக் கிளம்ப எழுந்துவிட்ட அதிகாரி முன்னால், இருபது கடிதங்களுக்கு நடுவே எதை வைத்தாலும் கையெழுத்து விழும். செயலகத்தில் சுருக்கெழுத்தாளர் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. மாலையில் சியாமளா கூட்டக் குறிப்பை அப்படித்தான் நீட்டினார்; விட்கமும் படிக்காமல் போட்டார். கேள்விகள் ஒரு சொல் குறையாமல் இருந்தன. பெயர் மட்டும் ஒன்றுகூட இல்லை. ஒருத்தி பெயரை மட்டும் எடுத்தால் உறுத்துமே. திங்கட்கிழமை தபால் போயிற்று.

வியாழக்கிழமை விட்கம் துறையின் பிரதியைப் பிரித்தார். கர்னலை அவர் புகழ்ந்த ஐந்து நிமிடமும் 'ஒருவர் கூறினார்' என்று இருந்தது. முகம் சிவந்துவிட்டது.

"உங்கள் நோட்டைக் கொண்டுவாருங்கள்."

"டைப் அடித்ததும் கிழித்துப் போட்டுவிட்டேன்."

"அந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணின் பெயர் என்ன? ஞாபகம் இருக்குமே?"

"இருக்கிறது. சொல்ல மாட்டேன்."

டிசம்பரோடு வேலை போயிற்று. ஏன் விட்டீர்கள் என்று அடுத்த நேர்முகங்களில் கேட்டவர்களிடம் நடந்ததை அப்படியே சொன்னார். இரண்டு இடத்தில் கதவு மூடியது. மூன்றாவதாக ஒரு மருத்துவமனை எடுத்துக்கொண்டது.

1973 அக்டோபரில் துருக்கியில் தேர்தல் நடந்தது. அண்ணன் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறான் என்று நெர்மின் வந்து சொன்னாள். துருக்கியின் ஜனநாயகம் தன்னைத் தானே திருத்திக்கொண்டது என்று விட்கம் பத்திரிகையில் கட்டுரை எழுதினார்.

"தானாவாம்" என்றார் சியாமளா.