எனக்குத் தெரிந்த ஹிந்தி

வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, வெளியே போக ஒரே ஒரு வாசல் விட்டிருந்தார்கள். கோல சிலாங்கூரிலிருந்து வடக்கே போகும் சாலையில் இருந்தது அந்தத் தோட்டம். காலையில் மரம் சீவப் போகும் பெண்களை வாசலில் நிறுத்தி, உடம்பைத் தடவிச் சோதிப்பது என் வேலை. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறுகூடப் போய்விடக் கூடாது என்பது சட்டம்.

ஜப்பான்காரன் காலத்தில் நான் இந்திய விடுதலைக்காகச் சேர்த்த பெண்கள் படை முகாமில் ஒன்றரை வருடம் இருந்தவள். அங்கே கற்றுக்கொண்ட ஹிந்தி நில், நட, சாப்பிடு, சொல்லு என்கிற அளவுதான். ஆனால் லயத்தில் அதைச் சரிபார்க்க வேறு ஆள் இல்லை. ஹிந்தி தெரிந்தவள் என்ற பேரை நானே வளர்த்துக்கொண்டேன்.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டுப் பையன் கப்பலில் சமையல் வேலை பார்த்தான். ஒருமுறை வரும்போது மணிலாவிலிருந்து ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்து கூட்டிவந்தான். அம்மாவிடம் அவளை விட்டுவிட்டு, பத்தே நாளில் மறுபடி கப்பலேறிவிட்டான். அவள் பேசியது யாருக்கும் புரியவில்லை. அவளுக்கும் எங்கள் பேச்சு புரியவில்லை. எதைக் கேட்டாலும், "ஹிந்தி, ஹிந்தி" என்பாள்.

மாமியார்க்காரி என்னிடம் ஓடிவந்தாள். "ஒனக்குத்தான் ஹிந்தி தெரியுமே, வந்து பேசிப் பாருலா."

நான் போனேன். ஹிந்தியில் பேரைக் கேட்டேன். அவள் சிரித்தாள். தன் முகத்தைத் தொட்டு "முக்கா" என்றாள். ஹிந்தியில் முகத்துக்கு முக் என்பார்கள். இன்னொரு நாள் கிழிந்த ஜெபப் புத்தகத்தைக் காட்டி என்னவோ சொன்னபோது நடுவில் "ஆசா" என்று வந்தது. ஹிந்தியில் நம்பிக்கைக்கு ஆஷா என்பார்கள். எனக்கு அது போதும். மணிலாவில் கடை வைத்திருக்கும் வடக்கத்திக் குடும்பத்துப் பெண் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். பேச்சு ஏன் பொருந்தவில்லை என்று தோட்ட ஆபீஸ் கிராணி கேட்டதற்கு, "அவங்க பக்கத்து ஹிந்தி கொஞ்சம் இழுவையா இருக்கும் ஐயா" என்றேன்.

அந்த முகமும் ஆசையும் தமிழிலும்தான் இருக்கின்றன. அதனால் அவள் தமிழச்சி என்று நான் சொல்லவில்லையே. இதை யோசிக்க எனக்கு அன்று தோன்றவில்லை. அவள் ரப்பர் பால் பிடிக்கும் மங்குகளைக் கழுவும்போது எண்ணுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இசா, தலவா, தத்லோ. ஹிந்தியின் ஏக், தோ, தீனுக்கும் அதற்கும் ஒட்டே இல்லை. ஐந்துக்கு லீமா என்றாள், பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்கள் சொல்லும் அதே லீமா. காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துகொண்டேன்.

அவளை வேலைக்குச் சேர்த்தபோது கிராணி, "சட்டத்தை அவளுக்கு வெளக்கிட்டியா?" என்று கேட்டார். ஹிந்தியில் சொல்லியிருந்தேன். அவள் தலையாட்டினாள். "வெளக்கிட்டேன் ஐயா" என்றேன்.

ஒரு நாள் காலை வாசலில் புது போலீஸ் சார்ஜன்ட் நின்றிருந்தார். அவள் முறை வந்தது. அவள் முழுகாமல் இருப்பது என் கைக்கு முன்பே தெரியும். தினமும் தொடுகிற வயிறு. அன்று இடுப்பில் வாழையிலையில் கட்டிய சோற்றுருண்டை தட்டுப்பட்டது. எடுத்துக் காட்டினேன்.

சார்ஜன்ட் மலாயில் சத்தம் போட்டார். "காட்டு ஆளுங்களுக்கா? கேள் அவளை!"

எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன். அவள் "ஹிந்தி, ஹிந்தி" என்றாள். பிறகு வயிற்றில் கை வைத்து, என் முகத்தையே பார்த்து, "பத்தா, பத்தா" என்றாள்.

ஹிந்தியில் பத்தா என்றால் சொல்லு. நீயே சொல்லு என்று என்னைக் கூட்டுச் சேர்க்கிறாள் என்று பயந்துவிட்டேன்.

"என்ன சொல்றா?" என்றார் சார்ஜன்ட்.

"தான் ஹிந்திக்காரின்னு சொல்றா. சோறு யாருக்குன்னு சொல்ல மாட்டேங்கிறா. எனக்கு ஒண்ணும் தெரியாது துவான்."

லோரியில் ஏற்றிக் கோல சிலாங்கூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். ஏறும்போதும் அவள் என்னைப் பார்த்துத்தான் அழுதாள்.

பதினெட்டு நாள் உள்ளே இருந்தாள். புருஷனின் கப்பல் வந்து, அவன் ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசிய பிறகுதான் விட்டார்கள். அன்று மத்தியானம் அவன் என் வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, அவங்க பாசையில ஹிந்தின்னா இல்லைன்னு அர்த்தம். பத்தான்னா புள்ள. வயித்துப் புள்ளைக்குப் பசிக்குமேன்னு சோறு எடுத்திருக்கா. நீங்க என்னன்னு சொன்னீங்க?"

"நான் சரியாத்தான் சொன்னேன் தம்பி. சார்ஜன்ட் கேக்கல."

அவன் நம்பினான். போகும்போது நன்றிகூடச் சொன்னான்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது, நல்லபடியாக. அவள் மறுபடி வேலைக்கு வந்தாள். தினமும் கையைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் நின்றாள். ஒரு வருடத்துக்குள் லயத்துத் தமிழ் அவள் வாயில் சரளமாக வந்துவிட்டது. ஒரு நாள் நான் சோதித்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அன்னிக்கு நான் சொன்னது ஒங்களுக்கு வெளங்குச்சா?"

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை. "வெளங்கல."

"வெளங்கலன்னு ஏன் சொல்லல?"

ஹிந்தி தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்ததையும், பயந்துபோனதையும், அவள் புருஷனிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். பின்னால் நின்ற பெண்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கையை இறக்கவில்லை.

"சீக்கிரம் சோதிங்க. நேரமாவுது" என்றாள்.

அன்று மாலையே கிராணியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடுத்த வாரம் வாசலுக்கு வேறொருத்தியைப் போட்டார். நான் மரம் சீவப் போனேன். காலையில் வரிசையில் எனக்கு முன்னால் சில நாள் அவள் நிற்பாள். பக்கத்தில் இருப்பவர்களிடம் சிரித்துப் பேசுவாள். போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் புருஷனுக்குக் கரைவேலை கிடைத்து அவர்கள் குடிபோகும் வரை, என் பக்கம் ஒரு தடவையும் திரும்பவில்லை.